குடிக்கூலிக் கொடுமை

வந்தாரை வரவேற்பதில் மதுரை மாநகரம் என்றும் பின்வாங்கியதில்லை. அழகர் வைகையில் இறங்கும் நாளன்று லட்சக் கணக்கான ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். அவர்களுக்கு நீர்மோரும் பானகமும் அளிப்பதைப் பேறாகக் கருதும் ஊர் அது. ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம் அந்தப் பழைய விருந்தோம்பலுக்குச் சாட்சி. ஆனால் விருந்தினனுக்குத் திண்ணையில் இடம் கொடுப்பது வேறு. விருந்தினன் கொடுக்கும் காசுக்காக வீட்டிலிருக்கும் குடியை வெளியேற்றுவது வேறு. இன்று தலையெடுத்துவரும் வழக்கம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதைக் குறித்து வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மாதக் குடிகளுக்கு விட்டுவந்த வீடுகளை நாள் வாடகைக்கு விடுவது பெருகிவருகிறது. 2008-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த ஏர்பிஎன்பி முதலிய கம்பெனிகள் இதற்குத் தரகு வேலை செய்கின்றன. எங்கோ இருக்கும் யாத்ரீகர் கைப்பேசியைத் தட்டினால் மாசி வீதிக்கு அருகில் ஒரு வீடு இரண்டு நாளைக்குக் கிடைக்கிறது. உதாரணமாக, மாதம் 10,000 ரூபாய் குடிக்கூலி வரும் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 2,000 ரூபாய் கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் எட்டு நாள் ஆள் வந்தாலே 16,000 ரூபாய் ஆகிவிடுகிறது. எஞ்சிய இருபத்திரண்டு நாளும் வீடு பூட்டிக் கிடந்தாலும் சொந்தக்காரருக்கு நஷ்டமில்லை. குடியிருக்க இடமின்றி அலையும் குடும்பத்துக்கோ அந்தப் பூட்டு ஒரு பரிகாசமாகும்.

மதுரையில் இத்துன்பம் மும்மடங்காவதற்குத் தனிக் காரணம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டிடம் எழுப்பலாகாது என்பது விதி. கோபுர தரிசனத்தைக் காக்கும் அந்த விதியை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் அதன் பலன் என்ன? நகரின் நடுவில் புது வீடுகள் பெருக வழியில்லை. உள்ள வீடுகளிலோ பல முன்னமே கடைகளாகவும் லாட்ஜுகளாகவும் மாறிவிட்டன. இந்நிலையில் ஒரு வீடு யாத்ரீகர் கைக்குப் போனால், ஒரு குடும்பம் நகருக்கு வெளியே போக வேண்டியதுதான்.

வெளியே போகிறவர் யார்? கோயில் வாசலில் பூக்கட்டும் பெண், ஜவுளிக்கடைக் குமாஸ்தா, ஓட்டல் சமையற்காரர் ஆகியோரே. யாத்ரீகருக்கு ஊழியம் செய்பவர்களே யாத்ரீகரின் பொருட்டு ஊரை விட்டு நீங்குகிறார்கள்! ஒத்திக்கு வீடு பிடிக்க மனைவியின் நகையை அடகு வைத்தவர்களை மதுரையில் தெருவுக்குத் தெரு காணலாம். வாடகை கட்டாமல் திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடை வழியாகத் தினந்தோறும் பஸ்ஸில் போய்வரும் தொழிலாளி, உறங்க வேண்டிய நேரத்தை வழியிலேயே கழிக்கிறார். 2004-ம் ஆண்டில் ஹைகோர்ட்டுக் கிளை ஏற்பட்டபின் ஒத்தக்கடைப் பக்கமும் மனை விலை ஏறிவிட்டது. அவர் இனி எங்கே போவது?

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். உலக யுத்த காலத்து நெருக்கடியிலே சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 1960-ம் ஆண்டுச் சட்டம், வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதிகாரிக்கு அறிவிக்கச் சொன்னது. நிலமும் கட்டிடமும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று நியாய வாடகைக்கு ஓர் அளவும் கண்டது. அச்சட்டத்திலும் குறைகள் இருந்தன. வழக்குகள் தலைமுறைக் கணக்கில் நீண்டன. ஆயினும் வீடு என்பது வெறும் சரக்கு அன்று என்ற தத்துவம் அதில் இருந்தது. 2017-ம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலான புதுச் சட்டமோ, இரு தரப்பாரும் ஒப்பியதே வாடகை என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று கூறிவிட்டு, வேறு உடன்படிக்கை இருந்தாலன்றி என்ற வாசகத்தையும் சேர்த்திருக்கிறது. பசித்தவனும் பண்டசாலைக்காரனும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் யார் சொல் நிற்கும்?

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்த வாடகைக்கு விடுகிறவர் பதிவு செய்துகொண்டு அதே வீட்டில் உடனிருக்க வேண்டும். 10,101 சுற்றுலா வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குள் முடிவுறச் செய்வதாகப் பார்ஸிலோனா நகரம் 2024-ம் ஆண்டில் அறிவித்தது. இவை யாத்ரீகரை வெறுக்கும் ஊர்கள் அல்ல. யாத்ரீகரால் வாழும் ஊர்களே.

வீட்டுக்காரர் தரப்பையும் நாம் மறக்கவில்லை. 2022-ம் ஆண்டில் சொத்துவரி கடுமையாக உயர்ந்தது. ஓய்வு பெற்ற உபாத்தியாயரும், கணவனை இழந்த மாதும் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம், அதில் குற்றமில்லை. தாம் குடியிருக்கும் வீட்டில் அதிதிக்கு அறை கொடுப்பவரும், நாலைந்து வீடுகளை வளைத்துப் பூட்டிவைத்து நாள் கூலி வாங்குபவரும் ஒரே தட்டில் நிற்கத்தக்கவர் அல்லர். முன்னவரை ஆதரிப்போம், பின்னவரைக் கட்டுப்படுத்துவோம்.

மற்றொரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். முன்பின் அறியாத யாத்ரீகரைக் குலம் கேளாமல் வரவேற்கும் வீட்டுக்காரருள் சிலர், உள்ளூர்க் குடும்பம் வந்து நின்றால் முதலில் ஜாதியைக் கேட்கிறார்கள். 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிற் கதவு ஹரிஜன சகோதரர்களுக்குத் திறந்தது. அம்மனின் கதவு திறந்த ஊரில் வாடகை வீட்டின் கதவு திறக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

சர்க்காரும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை இவை: நாள் வாடகை வீடுகள் அனைத்தையும் பதிவு செய்து, பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுக. உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு ஆண்டில் இத்தனை நாள் என்று எல்லை கட்டி, வியாபாரத்துக்குரிய வரியை விதிக்க. அந்த வரிப்பணத்தால் யாத்ரீகருக்குச் சத்திரங்களும், தொழிலாளருக்குக் குறைந்த வாடகை வீடுகளும் கட்டுக. நியாய வாடகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தில் மீண்டும் புகுத்துக. தொண்டர்களும் சும்மாயிருத்தல் ஆகாது. வார்டு தோறும் குடித்தனக்காரர் சங்கங்களை ஏற்படுத்தினாலன்றி எந்தச் சட்டமும் ஏட்டோடு நிற்கும்.

வாதவூரர் பொருட்டு வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்கப் பாண்டியன் ஆணையிட்டான். ஆளற்ற வந்திக் கிழவிக்காக இறைவனே கூலியாளாய் வந்தான். கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் விழுந்தது என்பது கதை. ஏழைக் குடியின் மேல் இன்று விழும் அடி நாளை நகரம் முழுவதற்கும் உறைக்கும். அதற்குமுன் கரையை அடைப்பது ஆள்வோர் கடமை. அடைக்கச் செய்வது நமது கடமை.