மக்கும் குவளை சிங்கப்பூரில் எங்கே மக்குகிறது?

அடுத்த முறை ஐஸ் காப்பி வாங்கும்போது அந்தக் குவளையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் 'பிஎல்ஏ' என்று இருக்கலாம். பக்கத்தில் ஓர் இலைப் படம், 'உரமாகக்கூடியது' என்று ஒரு வரி. தொட்டால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரியேதான் இருக்கும்.

உண்மையிலேயே மண்ணோடு மண்ணாகிவிடுமா? ஆகும். ஆனால் அதற்குச் சரியான இடம் வேண்டும்.

பிஎல்ஏ என்பது பாலிலாக்டிக் அமிலம். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். அதன் மூலக்கூறுகளை நீளமான சங்கிலியாகக் கோத்தால் பிளாஸ்டிக் ரெடி.

அந்தச் சங்கிலியை நுண்ணுயிரிகளால் அப்படியே சாப்பிட முடியாது. ரொம்ப நீளம். முதலில் தண்ணீர் உள்ளே புகுந்து கண்ணிகளை வெட்ட வேண்டும். துண்டுகள் போதுமான அளவு சிறிதான பிறகுதான் நுண்ணுயிரிகளின் விருந்து தொடங்கும். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், பெருகிய நுண்ணுயிரிகள்.

58 டிகிரி ஏன் முக்கியம்?

பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பு தளர்ந்தால்தான் தண்ணீரின் வேலை வேகமாக நடக்கும். சாதாரண பிஎல்ஏ குவளையில் கொதிக்கக் கொதிக்க காப்பி ஊற்றினால் அது நெளிந்துபோவதற்கும் இதுவே காரணம். உரமாகும் பிளாஸ்டிக்கை வழக்கமாக 58 டிகிரியில் சோதிக்கிறார்கள். ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலைப்படி, 12 வாரங்களுக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கக்கூடாது. 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு நுண்ணுயிரிகளால் சிதைக்கப்பட வேண்டும்.

நம்ம ஊர் வெயில் போதாதா என்று கேட்கலாம். 32 டிகிரி எங்கே, 58 டிகிரி எங்கே! பெரிய உரக்குவியலில் நுண்ணுயிரிகள் வெளியிடும் வெப்பம் உள்ளேயே தங்கும். வீட்டு வாசலில் வைத்த சின்ன உரத் தொட்டியில் அது சீக்கிரம் வெளியேறிவிடும். பிரிட்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் பொதுமக்களை வைத்தே இதைச் சோதித்தது. 2022இல் வெளியான முடிவு: வீட்டிலேயே உரமாகும் என்று சான்றிதழ் பெற்ற பிளாஸ்டிக்கில்கூட 60 விழுக்காடு முழுதாகச் சிதையவில்லை.

சரி, உங்கள் குவளை எங்கே போகிறது?

எரியாலைக்கு. புளோக்கின் குப்பைக்குழாயில் விழுந்தாலும் உணவங்காடி நிலையத்தின் குப்பைத் தொட்டியில் விழுந்தாலும் அதே வழிதான். எரிந்த சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். 12 வாரம், 6 மாதம் என்ற கணக்குக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. 2018இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: குப்பையை எரிக்கும் நாட்டில், மக்கும் பைக்கு மாறுவது சுற்றுப்புறத்துக்கு நல்லது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும். செடியிலிருந்து வந்த பிளாஸ்டிக் எரிந்தால் வெளியேறும் கரியமில வாயு, அந்தச் செடி காற்றிலிருந்து இழுத்ததுதான். பெட்ரோலியப் பிளாஸ்டிக் அப்படியில்லை. ஆனால் சோளம் வளர்க்க நிலம், தண்ணீர், உரம் எல்லாம் வேண்டும். 'உரமாகும்' பைகள் எல்லாமே செடியிலிருந்து வருபவையும் அல்ல. பலவற்றில் கலக்கப்படும் பிபிஏடி என்ற பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து தயாராகிறது. அட்டையில் இருக்கும் இலைப் படம் அதைச் சொல்லாது.

மலேசியாவில் கதை கொஞ்சம் வேறு. கோலாலம்பூரில் 2017 செப்டம்பரிலிருந்து கடைகள் மக்கும் பைகளையும் உணவுப் பெட்டிகளையும் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அங்கே குப்பையில் பெரும்பகுதி புதைக்கப்படுகிறது. ஆழத்தில் ஆக்சிஜன் கிடையாது. உரக்குவியலில் நடப்பது அங்கே நடக்காது.

நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போடலாமா? வேண்டாம். பிஎல்ஏ குவளை தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக் மாதிரியே தெரியும், ஆனால் உருகும் வெப்பநிலை வேறு. இரண்டும் கலந்தால் மறுபயனீட்டுக்குப் போகும் நல்ல பிளாஸ்டிக்கும் கெடும். நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு ஏற்கெனவே மறுபயனீட்டுக்கு உதவாத பொருள்தான். இலைப் படம் போட்ட குவளையைச் சாதாரண குப்பையிலேயே போட்டுவிடுங்கள்.