கொலையும் கம்பளிப் பின்னலும்

‘பொழுதுபோக்குத்தானே, அதில் என்ன தீங்கு?’ என்று கேட்போர் எம்மிடையே பலர். ஆங்கிலப் பயிற்சிக்கு உகந்தவை என்று கூறி இந்நூல்களை மாணவர் கையிற் கொடுக்கும் ஆசிரியர்களும் உளர். அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவல்களை, அவற்றுள்ளும் மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டி துப்புத் துலக்கும் நாவல்களையே நாம் இங்கு கருதுகின்றோம். இவற்றில் இரத்தம் தெறிப்பதில்லை, ஆபாசம் இல்லை, தேநீரும் பூந்தோட்டமும் கம்பளிப் பின்னலும் உண்டு. இவ்வளவு சாதுவான நூல்களைக் கண்டிக்கப் புகுவது வீண்வேலை என்பர். வீண்வேலை அன்று என்பதே எமது வாதம்.

மிஸ் மார்ப்பிள் 1927 இல் ஒரு சிறுகதையில் தோன்றினார். 1930 இல் முதல் நாவல். ஆசிரியை இறந்த 1976 ஆம் ஆண்டு வெளியான இறுதி நாவலுடன் மொத்தம் பன்னிரண்டு. மணமாகாத முதியவர்; சிறு வருவாய் உடையவர்; பொலிஸ் அதிகாரிகள் முதலில் பொருட்படுத்தாதவர். அவர்களை அவர் வெல்லும்போது எமக்கும் மகிழ்ச்சி உண்டாகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சமூகம் மூலையில் ஒதுக்கிவைத்த கிழவி ஒருத்தி எல்லோரினும் கூடுதலாகக் காண்கிறாள் என்பது நல்ல கற்பனையே.

ஆனால் அவர் காண்பது எதனை? செயின்ற் மேரி மீட் என்னும் தம் சிற்றூரில் அறிந்த ஒருவரது இயல்பை நினைவுகூர்ந்து, அதனைக் கொலை நிகழ்ந்த வீட்டில் உள்ள ஒருவர்மீது பொருத்திக் காண்பதே அவருடைய முறை. மனித சுபாவம் எங்கும் ஒன்றே என்பது அவரது அசையாத கொள்கை. கேட்பதற்கு ஞானம்போல் ஒலிக்கும் இக்கொள்கையிலேதான் விஷம் இருக்கிறது. சுபாவம் மாறாதெனின் சமூகத்தை ஆராய வேண்டிய தேவை என்ன? பேராசைக்காரன் பேராசைக்காரனாகவே பிறந்தான். அவனுக்குச் சொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்தது, அடித்தாயிற்று, இனி வீடு சுத்தம் என்னும் நிம்மதியோடு வாசகர் நூலை மூடுகிறார்.

மெய்யான இங்கிலாந்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1950 மார்ச்சில் திமோதி எவன்ஸ் என்னும் இருபத்தைந்து வயதுத் தொழிலாளி, தன் பச்சிளம் மகளைக் கொன்றான் என்ற குற்றச்சாட்டில் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு எழுத வாசிக்கவும் சரிவரத் தெரியாது. கொலைகாரன் கீழ்த்தளத்திற் குடியிருந்த ஜோன் கிறிஸ்ரி என்று அவன் நீதிமன்றத்திற் கூறினான், எவரும் நம்பவில்லை. அந்தக் கிறிஸ்ரியோ அரசுத் தரப்பின் சாட்சி. போர்க்காலத்தில் துணைப் பொலிஸாகப் பணியாற்றியவன். (நாவலாசிரியைக்கும் இவனுக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) அவ்வீட்டிற் பல பெண்களின் சடலங்கள் வெளிப்பட்ட பின்னர், 1953 இல் இவனும் தூக்கிலிடப்பட்டான். எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1966 இல்! எவன்ஸ் தூக்கிலிடப்பட்ட அதே 1950 இலேதான் மிஸ் மார்ப்பிளின் ‘எ மேர்டர் இஸ் அனவுண்ஸ்ட்’ வெளிவந்தது. மிஸ் மார்ப்பிள் உள்ள ஊரில் நிரபராதி தூக்குமேடை ஏறுவதில்லை. அந்நாவலில் ஐரோப்பிய அகதிப் பெண்ணொருத்தி சமையற்காரியாக வருகிறாள். உறவினரைப் பறிகொடுத்த அவளது அச்சம் வாசகரைச் சிரிக்க வைப்பதற்கே பயன்படுகிறது.

இவ்வரிசையில் எமக்கு மிக முக்கியமாகப் படுவது 1953 இல் வெளியான ‘எ பொக்கற் புல் ஒவ் றை’. குழந்தைப் பாட்டொன்றின் ஒழுங்கில் மூவர் கொல்லப்படுகின்றனர்: செல்வந்தர், அவர் மனைவி, வேலைக்காரி. வேலைக்காரியின் பெயர் கிளாடிஸ். அநாதை இல்லத்திலிருந்து வந்தவள். மேசையிற் பரிமாறவும் வெள்ளிப் பாத்திரம் துலக்கவும் அவளுக்குப் பயிற்சி அளித்தவர் மிஸ் மார்ப்பிளே. அழகற்ற இப்பெண்ணை விடுமுறை முகாமொன்றில் ஒருவன் காதலிப்பதாக நடிக்கிறான். உண்மையை வரவழைக்கும் மருந்து என்று சொல்லி அவள் கையாலேயே எசமானரின் உணவில் நஞ்சு கலப்பிக்கிறான். பின்னர் அவளது கழுத்தை நெரித்து, பாட்டுக்குப் பொருந்துமாறு மூக்கில் உடுப்புக் காயவிடும் கவ்வியை மாட்டுகிறான். அவன் அச்செல்வந்தரின் மகன். ஆபிரிக்கச் சுரங்கமொன்றில் யுரேனியம் கிடைத்ததை அறிந்து, அதனைத் தனதாக்கவே இவ்வளவும் செய்கிறான்.

அந்தக் கவ்விக்காக மிஸ் மார்ப்பிள் சினங்கொள்கிறார், புகைவண்டியேறி வருகிறார். இச்சினம் உண்மையானது, ஆசிரியையின் நூல்களில் இதற்கு நிகரானவை அதிகமில்லை. ஆயினும் அது எங்கே போய் நிற்கிறது? கொலைகாரனிடம். அநாதைப் பெண்ணுக்கு அடுக்களையைத் தவிர வேறு வாழ்வை வைக்காத ஏற்பாட்டை அது தீண்டுவதில்லை. 1931 இல் இங்கிலாந்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாய் இருந்தனர். அமர்ந்து கம்பளி பின்னவும் அயலாரை அவதானிக்கவும் மிஸ் மார்ப்பிளுக்குக் கிடைத்த ஓய்வு, கிளாடிஸ்கள் கொடுத்த ஓய்வு. அதனைத் துப்புத் துலக்க எவரும் வருவதில்லை. ஆபிரிக்கச் சுரங்கம் எவருடைய நிலத்தில் உள்ளது என்பதும் அப்படியே. நாவல் வெளிவந்த காலத்தில், கென்யாவில் நிலங்கேட்டு எழுந்தோரை ஆங்கில அரசு தூக்கிலிட்டுக்கொண்டிருந்தது. அவசரகால ஆட்சி முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு மாண்டனர்.

துப்பறியும் நாவல் முழுவதையும் குப்பையில் எறிக என்று எம்மவர் சிலர் முழங்குகின்றனர். அஃது எமது நிலை அன்று. அதனை விரும்பிப் படித்தவர் பிரெக்ற். பெல்ஜிய மார்க்சியர் ஏர்னெஸ்ற் மண்டேல் 1984 இல் அத்துறையின் வரலாற்றையே எழுதினார். ஆசிரிய நண்பர்கள் இந்நூலை மாணவருக்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். கொலைகாரன் யார் என்பதோடு நில்லாமல், கிளாடிஸுக்குச் சம்பளம் என்ன, அவளுக்காக யார் அழுதார் என்றும் வகுப்பிற் கேட்கட்டும்.

அழுதவர் ஒருவர் உண்டு. கிளாடிஸ் இறப்பதற்கு முன் ஆலோசனை வேண்டி மிஸ் மார்ப்பிளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். காதலன் என்று நம்பியவனோடு நிற்கும் படத்தையும் இணைக்கிறாள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபின்னரே மூதாட்டி அதனைப் பிரித்துப் பார்க்கிறார். முதலிற் கண்ணீர் வருகிறது. பின்னர் சினம். அதன்பின், தமது ஊகம் சரியென்று நிறுவப்பட்ட நிபுணரின் வெற்றிக்களிப்பு. அக்களிப்போடு நூல் முடிகிறது. கடிதம் மறுமொழியின்றிக் கிடக்கிறது.