கடுகு தாளிக்க மட்டும்

பச்சிளம் குழந்தையின் தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணை வைக்கிறோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் தலை வடிவமைக்கும் தலையணைகளே வேண்டாம் என்றது. பலனுக்குச் சான்றில்லை, மூச்சுத்திணறும் அபாயமோ உண்டு. கழுத்து உறுதிப்படாத பிள்ளை, முகம் புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ளாது. அதனால் தலையணையின்றி மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னால், கக்கியது புரையேறாதா என்பார்கள். அப்படிப் படுக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருக்கிறது; கக்கியது எளிதில் உள்ளே போகாது. அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் 1994-இல் தொடங்கியபின் திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 'நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம்' என்பது பிழைத்தவர்களின் சாட்சி மட்டுமே. தலை தட்டையாகாமலிருக்கவும் வழி இருக்கிறது: விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் கண்ணெதிரே, சற்றுக் குப்புறப் படுக்கவிடலாம். உறங்கும்போது கெட்டியான, சமமான படுக்கையே போதும்.