சுருதி சேராது என்று சொன்னவன் நான்தான்

எங்கள் தெரு பஜனை கோஷ்டியில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோவில் திண்ணையில் கூட்டம் போட்டுப் பேசினோம். வந்தவர்கள் ஏழு பேர். கோஷ்டியே அவ்வளவுதான். அதில் இருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குக் காதில் மெஷின். சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் மார்கழி பஜனை என் அப்பா காலத்துக்கு முன்பிருந்தே உண்டு. விடியற்காலை நாலரை மணிக்குப் பிள்ளையாருக்கு விளக்கேற்றிப் புறப்பட்டால் நான்கு தெருக்களைச் சுற்றி ஆறு மணிக்குத் திரும்புவோம். பத்து வயதில் அப்பாவின் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு ஜால்ரா தட்டப் போனவன் நான். பிறகு ஆர்மோனியம் என் கழுத்துக்கு வந்தது. நாங்கள் யாரும் வித்வான்கள் இல்லை. டெலிபோன் ஆபீஸ், பாங்க், பாத்திரக்கடை, மளிகைக்கடை என்று பகலில் வேறு வேறு பிழைப்பு. அப்போது முப்பது பேர் வரை வருவார்கள்.

1998 டிசம்பரில், தெருவில் இருந்த மூன்று பெண்கள் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அதே திண்ணையில் கூட்டம் நடந்தது. இருட்டு நேரம், பாதுகாப்பு இல்லை என்றார் ஒருவர். மார்கழியில் எங்கள் தெருவில் நாலு மணிக்கே வாசலில் உட்கார்ந்து கோலம் போடுகிறவர்கள் யார் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. 'மாதத்தில் மூன்று நாள்' என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்தினார். கோவிலுக்கு எந்த நாளில் போவது, எந்த நாளில் போகாமல் இருப்பது என்று அவர்களுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில் செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, சங்கீத ரீதியா இது சரிப்படுமா?" என்றார்.

நான் சொன்னேன்: "சுருதி சேராது."

அதில் பொய் இல்லை. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டையில் பாடுவோம். பெண்களுக்கு ஐந்து கட்டை, ஐந்தரை. எங்களுடைய பஞ்சமம் இருக்கிற இடத்தில்தான் அவர்களுடைய ஷட்ஜம். ஒரு கட்டையிலேயே அவர்களும் பாடினால் கீழே குரல் எழும்பாது. ஒரு ஸ்தாயி ஏற்றினால் மேலே கத்த வேண்டியிருக்கும். ஐந்து கட்டைக்கு நாங்கள் போனாலும் அதே கஷ்டம் எங்களுக்கு. இதையெல்லாம் ஆர்மோனியத்தில் வாசித்தே காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். விஷயம் முடிந்தது.

ஆனால் வழி இருக்கிறது என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரியும். புன்னாகவராளி, நாதநாமக்ரியை, குறிஞ்சி போன்ற ராகங்களை மத்யம சுருதியில் பாடுவது வழக்கம். அவை மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே நின்றுவிடும். ஒரு கட்டைக்காரனுடைய மத்யமம் நாலு கட்டை. அங்கே ஆணும் பாடலாம், பெண்ணும் பாடலாம். நாங்கள் பாடிய நாமாவளிகளில் பல இந்த ராகங்களில்தான் இருந்தன. என் அப்பா எனக்கு ஆர்மோனியத்தில் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்த விஷயம் இது.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த டீச்சரைக் கண்டு பயம். அவர் முறையாகக் கற்றவர். நான் கேள்வி ஞானம். வராளியில் என் மத்யமம் எங்கே நிற்கும் என்று எனக்கே நிச்சயம் கிடையாது. முப்பது ஆண்களுக்கு நடுவில் அது யாருக்கும் தெரியாது. டீச்சர் வந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். தெருவில் எனக்கு இருந்த ஒரே பெருமை ஆர்மோனியம்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள சங்கீத சாஸ்திரத்தைத் துணைக்கு அழைத்தேன்.

அந்த மூவரும் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாட ஆரம்பித்தார்கள். இன்று அங்கே நாற்பது பேர். எங்கள் பக்கம் பழையவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவரவர் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். என் அப்பா பாடிய சில நாமாவளிகளின் கடைசிச் சரணங்கள் இப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அவை டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாடப்படுகின்றன. வாசலில் கோலத்தருகே நின்று கேட்டே மனப்பாடம் செய்துகொண்டார்களாம்.

இதில் உள்ள வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மார்கழி முப்பது நாளும் நாங்கள் பாடுவது திருப்பாவை. ஒரு பெண் பாடியது. பெண்கள் தோழிகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு. கூடவே திருவெம்பாவை. அதைப் பாடிய மாணிக்கவாசகர் ஆண்; ஆனால் இருபது பாட்டும் பெண்கள் பேசுவதாகவே அமைந்தவை. இரண்டையும் ஆண்கள் மட்டுமே தெருவில் பாடிக்கொண்டு போனோம். யாரை எழுப்பினோம் என்று தெரியவில்லை.

இங்கிருந்து திருவையாறு தூரமில்லை. தியாகராஜருடைய சமாதியில் 1920களில் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டுக் கோவில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று அவரையே நிறுத்தினார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கட்சிகள் ஒன்றாயின. இன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்னம் ஐந்தையும் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். சுருதிக் கஷ்டம் அங்கேயும் உண்டு. சிலர் கீழே முனகுவார்கள், சிலர் மேலே விட்டுவிடுவார்கள். அதற்காக யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை. வித்வான்கள் சமாளிக்கிற இடத்தில், பிள்ளையார் கோவில் கோஷ்டிக்கு இவ்வளவு சுத்தம் தேவையா?

போன மார்கழியில் ஒருநாள் நல்ல மழை. நாங்கள் நான்கு பேர்தான். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. டீச்சர் குடையோடு பிரதட்சிணம் வந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. எங்களைப் பார்த்துவிட்டு, "நான் ஒன்று பாடட்டுமா சார்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஆர்மோனியத்தைத் திறந்தேன். பழக்கத்தில் விரல் ஒரு கட்டைக்குப் போனது.

"மத்யம சுருதி வையுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருபத்தைந்து வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புன்னாகவராளி பாடினோம். அப்பாவின் நாமாவளி, கடைசிச் சரணம் வரைக்கும். சேர்ந்துதான் இருந்தது.

எல்லாக் கோஷ்டியும் கலந்தே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர், "அப்படியானால் வெள்ளிக்கிழமை நாமும் அங்கே போகலாமா?" என்று மடக்கினார். இதை முன்பே டீச்சரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். "வேண்டாம். மாமனார் எதிரே வாய் திறக்காத மருமகள்கள் சிலர் என் வீட்டில்தான் முதன்முதலாகப் பாடினார்கள்" என்றாராம். அது நியாயம். பாடத் தயங்குகிறவர்களுக்காக மூடிய கதவு அது. எங்கள் கதவு, பாட வந்தவர்களைத் தடுக்க மூடியது. மேலும், தெருவும் கோவிலும் பொதுவானவை. டீச்சர் வீட்டுக் கூடம் அவருடையது. யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் எந்தக் கோஷ்டியும், வெளியே நிற்பவருக்குப் பாட வேறு இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுருதி, இருட்டு, குளிர், ஆசாரம் என்று காரணங்கள் எப்போதும் கிடைக்கும். அவற்றில் பாதி உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சிக்கலைத் தீர்க்க நாம் ஒருநாளாவது முயன்றோமா என்று பாருங்கள். நாங்கள் முயலவில்லை. ஒரு பாட்டு அவர்கள் சுருதியில், ஒரு பாட்டு எங்கள் சுருதியில், பொதுவானவை மத்யம சுருதியில். எட்டாதவர்கள் ஜால்ரா தட்டலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த இருவரும் பொங்கல் பிரசாதத்துக்காகவாவது வருவார்கள். டீச்சர் வீட்டுக்குப் போய் முறையாக அழைக்க வேண்டும் என்று முடிவானது. யார் போவது என்று செயலாளர் கேட்டார்.

நான் போகிறேன் என்றேன். 1998-இல் சொல்லாமல் விட்டதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.