பழவேற்காடு படகுச் சவாரி: தடை மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பொன்னேரி வரை மின்சார ரெயில், அங்கிருந்து பஸ். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். ஆனால் ஜனங்கள் போவது ஏரியைப் பார்க்க!

ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் உப்பு ஏரி இது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கரையில் நின்றால் பாதிகூடத் தெரியாது. சின்னப் படகில் போனால்தான் அழகு. அந்த ஆசைதான் ஆபத்து!

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் தினம். உல்லாசமாகக் கிளம்பிய படகு முகத்துவாரம் அருகே கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உள்பட 20-க்கும் மேற்பட்டோர் பலி. ஊரே அழுதது. சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது.

தடை போட்டது சரி. ஆசை அடங்கியதா? அதற்குப் பிறகும் மீன்பிடிப் படகில் ஆள் ஏற்றுவதாகச் செய்திகள் வந்தன. கரையோரம் காதோடு காதாகப் பேரம். "ஒண்ணும் ஆவாது சார், ஏறுங்க!" படகுக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? வலையில் மீன் விழாத நாளில் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

எமன் எங்கே?

ஏரியின் உள்பக்கம் பல இடங்களில் ஆழம் குறைவு. கழி ஊன்றியே படகைத் தள்ளலாம். எமன் உட்கார்ந்திருப்பது முகத்துவாரத்தில்! அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல் வற்றும்போது ஏரித் தண்ணீர் வெளியே இழுக்கும். எதிரே அலை அடிக்கும். இரண்டும் மோதுகிற இடத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு என்ன ஆகும்? போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் தீர்ந்தது கதை!

திருட்டுச் சவாரியை ஒழிக்க ஒரே வழி, நேர்வழியைத் திறப்பது. உள்ளூர் மீனவருக்கே லைசென்ஸ் கொடுக்கலாம். எத்தனை பேர் என்று படகிலேயே பெயிண்டில் எழுதலாம். ஆளுக்கொரு லைப் ஜாக்கெட் கட்டாயம். முகத்துவாரம் பக்கம் போனால் லைசென்ஸ் ரத்து. பிச்சாவரத்தில் அரசே படகு விட்டு அலையாத்திக் காட்டைக் காட்டவில்லையா?

அதிகாரிகள் யோசிக்கட்டும். ஜனங்களும் யோசிக்க வேண்டும். லைப் ஜாக்கெட் இல்லாத படகில் காலை வைக்காதீர்கள். பூநாரை அடுத்த வருஷமும் வரும். போன உயிர் வருமா?