மின்னடுப்புக்கு முன் மின்விசிறி

எரிவாயுவை விடுத்து இண்டக்‌ஷன் மின்னடுப்புக்கு மாற விரும்பும் குடும்பத்தார் முதற்கண் வீட்டின் மின்விரயத்தை ஒழித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்டது. அதற்குமேல் உபயோகம் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். இதை உணராது மாறுவோர் கட்டணத்திற்கு அஞ்சி மீண்டும் சிலிண்டரையே நாடுவர்.

பழைய மின்விசிறி சுமார் 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழலும் இரு விசிறிகளை மாற்றினால் இரு மாதத்தில் ஏறக்குறைய 65 யூனிட் மிஞ்சும். மாதம் ஒரு சிலிண்டர் செலவிடும் இல்லத்தில், சமையலின் கால்பங்கிற்கு இம்மிச்சமே போதுமானது.

வரப்பிலுள்ள நண்டுவளையை அடைத்த பின்னரே வயலுக்கு நீர் பாய்ச்சுதல் குடியானவர் வழக்கம். வீட்டிற்கும் அதுவே முறை. கிராம அதிகாரிகள் தம் இல்லத்தில் இதைச் செய்து காட்டுவாராயின் ஊரார் பின்பற்றுவர் என்பது திண்ணம்.