எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

இரவு ஷிப்ட் முடிந்து சிங்காநல்லூர் மில் தொழிலாளி ஒருவர் வீடு திரும்புகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வாசற்படியில் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். "ராத்திரி பூரா நெட் இல்லீங்கப்பா. பெட்டியில செவப்பு லைட்டுத்தான் எரியுது" என்கிறாள். கம்பெனிக்குப் போன் போடுகிறார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. கால் மணி நேரம் கழிந்த பின் ஒரு மனிதக் குரல் கிடைக்கிறது. "48 மணி நேரத்தில் ஆள் வருவார்" என்கிறது அது. நாலு நாள் ஆகியும் ஆள் வரவில்லை. ஆனால் பில் மட்டும் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்து சேருகிறது!

இது ஒரு வீட்டுக் கதையல்ல. கோவையிலும், திருப்பூரிலும், மதுரையிலும், தஞ்சைத் தரணியின் கிராமங்களிலும் உழைப்பாளி மக்கள் அன்றாடம் படும் பாடு இது.

"கூலிக்கும் சோற்றுக்கும் போராடும் பத்திரிகைக்கு இண்டர்நெட் பிரச்சினை எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இது கூலிப் பிரச்சினைதான், சோற்றுப் பிரச்சினைதான் என்பதே நமது பதில்.

மில் தொழிலாளியின் பி.எப். பணம் இன்று இண்டர்நெட்டில் இருக்கிறது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் மெஷின் இண்டர்நெட்டில் ஓடுகிறது. பிள்ளையின் பரீட்சை விண்ணப்பமும், வேலைக்கான விண்ணப்பமும் அதில்தான். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கனெக்‌ஷன் உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போனது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்கள் எல்லாவற்றிலும் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றியாக வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. சிக்னல் கிடைக்காத ஊர்களில் என்ன நடந்தது? வெயிலில் மண் சுமந்த பெண்களுக்கு ஆஜர் விழவில்லை, கூலி விழவில்லை.

ஆடம்பரமாக இருந்தது அத்தியாவசியமாகிவிட்டது. அத்தியாவசியமான ஒன்று லாப வேட்டைக்காரர்களின் கையில் இருந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடக்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை

"100 மெகாபிட் வரை வேகம்" என்று தெருவெங்கும் விளம்பரம் தொங்குகிறது. இந்த "வரை" என்ற சொல்லில்தான் சூது ஒளிந்திருக்கிறது. கூலி பேசும்போது முதலாளி, "நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை தருவேன்" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதை விவசாயத் தொழிலாளிக்கு விளக்குவது சுலபம். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிறது. வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் பிரிகிறது. அதிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் மடை. தண்ணீரை அளந்து விட்டால் எல்லா வயலும் நனையும். மேலே திறந்துவிடுவதைக் குறைத்துவிட்டால் கடைமடை காயும். இண்டர்நெட்டும் இப்படித்தான் வருகிறது. மயிரிழை போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாக அது ஓடி வருகிறது. தெருவுக்கு வரும் ஒரு இழையை 32 வீட்டுக்கோ, 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கிறார்கள். பிரிப்பதில் குற்றமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் இரவு எட்டு மணிக்கு, ஊரெல்லாம் பெட்டியைத் திறக்கும் நேரத்துக்குப் போதுமான அளவை மேலேயிருந்து வாங்கி வைக்காமல், புதுப்புது வீடுகளுக்குக் கனெக்‌ஷன் விற்றுக்கொண்டே போகிறார்களே, அதுதான் குற்றம்! அதனால்தான் காலையில் ஓடுகிற படம் இரவில் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

சர்க்கார் மட்டும் சளைத்ததா? 2 மெகாபிட் வேகம் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என 2023 ஜனவரியில் விதி செய்தது. அதற்கு முன் அரை மெகாபிட் இருந்தாலே போதும் என்றிருந்தது. நூறு என்று விற்பவனுக்கும் இரண்டு போதும் என்று சொல்லும் சர்க்காருக்கும் இடையில் அகப்பட்டுக் கிடப்பவன் காசு கட்டும் தொழிலாளி.

கம்பெனியை மாற்றினால் தீருமா?

"எந்தக் கம்பெனி நல்லது? சொல்லுங்கள், மாறிவிடுகிறோம்" என்று தோழர்கள் கேட்கிறார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஆனாலும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க நாலு யோசனை சொல்வது நமது கடமை.

விளம்பரத்தை நம்பாதீர்கள், அடுத்த வீட்டாரை நம்புங்கள். உங்கள் தெருவில், இரவு எட்டு மணிக்கு எது ஒழுங்காக ஓடுகிறது என்று அவர்களைக் கேளுங்கள். பக்கத்து ஊரில் நன்றாக இருக்கும் கம்பெனி உங்கள் தெருவில் உருப்படாமல் இருக்கலாம். கம்பி அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், அவர் உள்ளூர்க்காரரா என்று விசாரியுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டாதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முன்பணம் வாங்கியவனுக்கு உங்கள் போனை எடுக்க என்ன அவசரம்? 500 ரூபாய் என்று சொன்னால் 18 சதவீத வரி சேர்த்து 590 என்று கணக்குப் போடுங்கள். பெட்டிக்கு டெபாசிட் உண்டா, திரும்பத் தருவார்களா, எவ்வளவு பயன்படுத்திய பின் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி உங்கள் பெட்டி வரை வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. பழுது பெரும்பாலும் கம்பியில் இருக்கும்.

இன்னொன்று. புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி, கம்பி வழி இணைப்பின் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். நுகர்வோர் கோர்ட்டுக்கும் நேரே போகலாம். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் மீது அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. தனியாகச் சொன்னால் ஏறாது. ஒரே தெருவில் இருபது வீட்டார் ஒரே நாளில் புகார் எழுதி, இருபது எண்களையும் ஒரே தாளில் போட்டு, கம்பெனியின் உள்ளூர் ஆபீசுக்குக் கும்பலாகப் போய் நின்று பாருங்கள். மில் கேட்டில் கற்ற பாடம் தெருவிலும் பலிக்கும்!

இவ்வளவும் செய்தாலும் நோயின் வேர் அப்படியே இருக்கும். "பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போ, உனக்குச் சுதந்திரம் இருக்கிறது" என்கிறார்கள். எங்கே இருக்கிறது அந்தச் சுதந்திரம்? பல தெருக்களில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது. பல கிராமங்களில் அதுவும் இல்லை. நாட்டின் இண்டர்நெட் சந்தாதாரர்களில் முக்கால் பங்குக்கு மேல் இரண்டே இரண்டு தனியார் குழுமங்களின் கையில். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒன்றன் பின் ஒன்றாக செல்போன் கட்டணத்தை உயர்த்தினவே, அப்போது எந்தக் கம்பெனிக்கு மாறித் தப்பித்தோம்? போட்டி வந்தால் விலை குறையும் என்று பாடம் சொன்ன பண்டிதர்கள் அந்த வாரம் எங்கே போயிருந்தார்கள்? 2016 செப்டம்பரில் ஜியோ இலவசம் என்று கடை திறந்தபோது ஜனங்கள் மகிழ்ந்தார்கள். முதலில் இலவசம், பிறகு ஏகபோகம், அதன் பிறகு விலையேற்றம்!

பொதுத்துறையை முடக்கியது யார்?

இந்த நாட்டில் பொது ஜனங்களுக்கு இண்டர்நெட்டை முதலில் கொண்டு வந்தது எந்த முதலாளி? எவனும் இல்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அதைத் தொடங்கியது வி.எஸ்.என்.எல். என்ற சர்க்கார் ஸ்தாபனம். 2002இல் அதன் நிர்வாகம் டாடாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

மீதமிருந்த பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? தனியார் கம்பெனிகள் 4ஜி சேவை நடத்திக்கொண்டிருந்தபோது, அதற்கு 4ஜி அலைக்கற்றை தர மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்டது 2019 அக்டோபரில்தான். 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் "விருப்ப ஓய்வு" என்ற பெயரில் 2020 ஜனவரி கடைசியோடு வெளியே அனுப்பப்பட்டார்கள். நாடு தழுவிய 4ஜி சேவை துவக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27இல். கையைக் கட்டிப் போட்டு ஓட்டப் பந்தயத்தில் விட்டுவிட்டு, "பார்த்தாயா, பொதுத்துறைக்கு ஓடத் தெரியாது" என்று பரிகாசம் செய்கிறார்கள். பி.எஸ்.என்.எல். சேவையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குறை உண்டு, நிறைய உண்டு. அந்தக் குறையை உண்டாக்கியவன் யார் என்று கேட்கிறோம்.

பணம் இல்லையென்றும் சொல்ல முடியாது. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோக என்று 2002 முதல் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கு தனி நிதியாக வசூலிக்கப்படுகிறது. அதில் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவாகாமல் கிடந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தார்கள்; கெடு மேல் கெடு தாண்டியது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குப் புதிய கட்டத்தை அறிவித்தார்கள். ஊராட்சி ஆபீஸ் வாசல் வரை வந்து நிற்கும் கம்பி, விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் காலனிக்குள் என்றைக்கு நுழையும்?

மின்சாரம் சொல்லும் பாடம்

கோவை மில் தொழிலாளிகளுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். கோவையில் இத்தனை மில்கள் எழுந்தது எதனால்? 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்சாரம் ஒரு பெருங்காரணம். அதைப் போட்டது சர்க்கார். மலிவு மின்சாரத்தில் மில் நடத்திய முதலாளி எவரும், "சர்க்கார் மின்சாரம் வேண்டாம், தனியார்தான் வேண்டும்" என்று சொல்லவில்லை! சென்னை நகரின் மின்சாரம் தனியார் கம்பெனியின் கையில் இருந்தது; 1947இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. அந்தப் பொதுத்துறைதான் குக்கிராமத்துக்கும் கம்பம் நட்டது. குடிசைக்கும் விளக்குக் கொடுத்தது. லாபம் பார்த்துக் கம்பம் நட்டிருந்தால் குடிசையில் இன்றும் சிம்னி விளக்குத்தான்.

அதே வழியை இண்டர்நெட்டுக்குக் காட்ட முயன்றது கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுபோய், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவது என்ற லட்சியத்தோடு கே-போன் திட்டத்தை 2023 ஜூன் 5இல் தொடங்கியது. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 குடும்பம் என்று 14 ஆயிரம் குடும்பங்களைத்தான் எடுத்துக்கொண்டது. லட்சியத்துக்கு இது மிகச் சிறிய தொடக்கம், ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் இண்டர்நெட் விலைச்சரக்கல்ல, பிரஜையின் உரிமை என்று ஒரு மாநில அரசு செயலில் சொன்னது சாமானியமானதல்ல.

கம்பத்தில் ஏறும் தோழர்

கடைசியாக ஒரு வார்த்தை. நாலு நாள் கழித்து வரும் லைன்மேனைப் பார்த்ததும் நமக்குக் கோபம் வருகிறது. அவரைத் திட்டுகிறோம். தோழர்களே, அவர் யார்? பெரும்பாலும் காண்ட்ராக்ட் தொழிலாளி. காப்புக் கயிறு இல்லாமல் கம்பத்தில் ஏறுகிறவர். ஒருவரிடம் பல தெருக்களைக் கட்டிவிட்டு, தாமதமானால் அவர் கூலியைப் பிடிக்கிறார்கள். 2019இல் பி.எஸ்.என்.எல். காண்ட்ராக்ட் தொழிலாளிகள் மாதக்கணக்கில் கூலி வராமல் தவித்ததை நாடே பார்த்தது. ஆளைக் குறைத்து லாபத்தைக் கூட்டியவன் குளிர்ந்த அறையில் இருக்கிறான்; திட்டு வாங்குகிறவர் வெயிலில் நிற்கிறார். நமது கோபம் போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு.

எனவே நாம் கேட்கிறோம்: ஊராட்சிக்கு வந்த கம்பியை உழைப்பாளியின் வீட்டு வாசலுக்குக் கொண்டு வா! ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புக் கொடு! பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் பணமும் கருவியும் கொடு! காண்ட்ராக்ட் தொழிலாளிகளை நிரந்தரமாக்கு! "வரை" என்ற மோசடி விளம்பரத்தை நிறுத்து. சொன்ன வேகத்தைக் கொடு, கொடுக்காத நாளுக்குப் பணத்தைத் திருப்பு!

மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் மனுக் கொடுக்கும்போது இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் பாடம், சிவப்பு விளக்குப் பச்சையாவதற்காகக் காத்திருக்கிறது. அதை ஒரு கம்பெனியின் தயவுக்கு விட்டுவிடக் கூடாது. கொள்ளியில் நல்ல கொள்ளியைத் தேடியது போதும். நெருப்பை அணைக்க ஒன்றுசேருவோம்!